புகைக்குள் காணாமல் போகிறவன் எழுதுவது

பல்லடம்
2026 ஜனவரி

மாப்ளே,

பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவன் நீ. அதனால் இத்தனை நாள் எழுதாததற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லப்போவதில்லை. அம்மாவுக்குக் கால் வலி அப்படியேதான். பாப்பா நன்றாகப் படிக்கிறாள், என்னைப் போல இல்லை. ஒறம்பரையெல்லாம் வந்து போய் வீடு இப்போதுதான் அடங்கியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு ராத்திரி நீயும் ஆடிட்டரும் சேர்ந்து என்னைப் பேசிய பேச்சு நினைவிருக்கிறதா? கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்தில் புகை குண்டு போட்டால் நான் ஓடி ஒளிந்துகொள்கிறேனாம். நான் ஒளியவில்லையடா, என் சிஸ்டம் நின்றுவிடுகிறது. பழைய கவுன்டர் ஸ்ட்ரைக்கில் என் ரைசன் 5 2600 பிராசஸர் எந்தக் குறையும் வைத்ததில்லை. 2023 செப்டம்பரில் இரண்டாவது வந்ததிலிருந்துதான் இந்தக் கெரகம். இதில் புகை சந்துக்குத் தகுந்தாற்போல் விரிகிறது, தோட்டா பாய்ந்தால் ஓட்டை விழுந்து திரும்ப மூடுகிறது. அதற்குள் நாலு பேர் சுட ஆரம்பித்தால் என் திரையில் படம் திக்கித் திக்கி நகரும். தெளிவதற்குள் நான் செத்துக் கிடப்பேன், ஆடிட்டர் சிரித்துக்கொண்டிருப்பான்.

கிராபிக்ஸ் கார்டுதான் பழசு என்று அவன் சாதித்ததால் தீபாவளிக்கு செகண்ட் ஹாண்டில் 3060 வாங்கிப் போட்டது உனக்குத் தெரியும். நொடிக்கு ஓடுகிற பிரேமில் ஒன்றுகூட ஏறவில்லை. நேற்றுப் பொழுதோட உட்கார்ந்து ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்கிப் பார்த்தேன். கார்டுக்கு வேலை குறைகிறது, தடை அதில் இருந்தால் பிரேம் எகிறியிருக்க வேண்டும். அசையவே இல்லை. மூச்சு வாங்குவது பிராசஸர்தான், சந்தேகமே வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? ஆடிட்டரைக் கேட்டால் ‘இன்டெல் ஐ7 போட்டால்தான் மரியாதை’ என்கிறான், கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறவன் மாதிரி. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறையில் பெரிய பிராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் இழுத்துக் கெட்டுப்போய், 2024 ஆகஸ்டில் திருத்தம் விட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். திருத்தம் வந்தாயிற்று, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர்டில் அந்த பிராசஸர் உட்காருகிற சாக்கெட்டே 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. அடுத்து வந்த கோர் அல்ட்ராவுக்கு வேறு போர்டு. முடிந்துபோன சாக்கெட்டில் புதிதாகப் பணம் போட எனக்கு மனசு வரவில்லை.

நீ சொல்கிற ஏஎம்5, அதாவது ஏஎம்டியின் புது சாக்கெட், நியாயமான யோசனை. 2027 வரையாவது அதற்குப் புது பிராசஸர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஒரு பி650 போர்டு, ஒரு 7600 பிராசஸர், பிறகு கை தேறும்போது பெரியதாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது டிடிஆர்5 ராம் மட்டும்தான் ஏற்கும். ராம் விலையைப் பார்த்தாயா? எங்கள் ஊரில் மாசம் பிறந்தால் நூல் விலை ஏறுகிற மாதிரி ஏறுகிறது, ஏறினது இறங்குவதாகக் காணோம். போன ஆவணியில் பார்த்ததற்கு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சரக்கெல்லாம் போகிறது. மைக்ரான் தன் க்ரூஷியல் ராம் வியாபாரத்தையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. போர்டு, பிராசஸர், ராம் மூன்றும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் என் பழைய பி450 போர்டைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் பிராசஸரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு போர்டைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் போர்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2017இல் முதல் ரைசன் உட்கார்ந்த அதே ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2024 ஜனவரியில் 5700எக்ஸ்3டி என்ற பிராசஸரை விட்டார்கள். என் போர்டும் அந்த சாக்கெட்தான். என் 2600இல் எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், 16 எம்பி, அதுவும் இரண்டாகப் பிரிந்தது. அதே சாக்கெட்டின் 5600 பிராசஸரில் 32. இந்த எக்ஸ்3டியில் 96. பிராசஸரின் மேலேயே இன்னொரு அடுக்கு கேஷை ஒட்டியிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு அடிக்கடி தேவைப்படுவது அங்கேயே கிடைத்துவிடுவதால் ஒவ்வொன்றுக்கும் ராம் வரை போய்வர வேண்டியதில்லை. என்னிடம் இருக்கும் டிடிஆர்4 ராமே போதும் என்பது அதனால்தான்.

இடைஞ்சல் இரண்டு. ஒன்று பயாஸ், போர்டை எழுப்புகிற அடிப்படை மென்பொருள். பழைய பிராசஸர் இருக்கும்போதே அதைப் புதுப்பித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புதியதைப் போட்டதும் திரை கறுப்பாகவே நிற்கும். புதுப்பிக்கும்போது பாதியில் கரண்ட் போனால் போர்டு போச்சு. எங்கள் தெருவில் தறி குடோன்களெல்லாம் ஒன்றாக ஓடினால் லைட் மங்கும். ஆகவே யுபிஎஸ்ஸில் மாட்டி, தறி நிற்கிற ஞாயிறு மத்தியானம் செய்யப்போகிறேன். இரண்டு, கழற்றுவது. ஏஎம்4இல் 1331 பின்னும் பிராசஸரின் அடியில் இருக்கிறது. கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரை இழுக்கும்போது பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளைந்துவிடும். ஆட்டத்தை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாக மெல்லத் திருகி, பேஸ்ட் விட்டுக்கொடுத்த பிறகுதான் தூக்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவனுக்கு எதற்கு இந்தப் பாடு என்று வீட்டிலும் கேட்கிறார்கள். குடோனில் பாதித் தறிதான் ஓடுகிறது, அதையும் விற்றுவிடலாமா என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்பது நியாயம்தான். ஆனால் ஆடிட்டரின் அப்பா காரியம் முடிந்த வாரத்தை நினைத்துப் பார். நாம் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லை, வந்து ஆடினான். நடுவில் மைக்கில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நீ உடனே, “டேய், இடது பக்கம் ஆள் வரான், பார்றா” என்றாய். நேரில் போய் உட்கார்ந்திருந்தால் நமக்கு அவ்வளவுகூடப் பேசத் தெரிந்திருக்காது. இந்த சிஸ்டத்தை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாளில் நானே ஞாயிற்றுக்கிழமைகளில் வராமல் நின்றுவிடுவேன் என்று தோன்றியது. அதுதான் விஷயம்.

ஆக, வேலை உனக்குத்தான். 5700எக்ஸ்3டி கடைகளில் புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது, கோவை காந்திபுரத்தில் கையை விரித்துவிட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹாண்டில் பார். கவிழ்த்து வைத்து, மொபைல் லைட்டைச் சாய்த்து அடித்து, பின் வரிசை எல்லாம் நேராக இருக்கிறதா என்று பார்த்து போட்டோ அனுப்பு. சிஸ்டத்தில் மாட்டி ஓட்டிக் காட்டாமல் பணம் கொடுக்காதே. ரொம்ப விலை சொன்னால் விட்டுவிடு, 5600 போதும், அதுவே என்னிடம் இருப்பதற்கு எவ்வளவோ மேல். கூரியரில் அனுப்பாதே, மாசியில் குலசாமி கோயிலுக்கு வரும்போது கையில் கொண்டு வா. பணம் ஜிபேயில் போட்டுவிடுகிறேன். கமிஷன் கிடையாது.

உன்
பங்காளி