டீச்சரின் குவில்ட்டுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களுக்கும் நூலகத்துக் குவில்ட் குழுவினருக்கும் வணக்கம்.

டீச்சர் திருச்சிக்கே திரும்பிப் போவதற்குள் குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை, முடிந்து, அவர் கையிலும் கொடுத்தாயிற்று. வீட்டுக்கொரு பிளாக், அதாவது ஒரு சதுரத் துண்டு, தைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த பிளாக்குகளை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது என்று எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி 18 வீடுகளுக்கு. சின்னாளப்பட்டிச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, மெட்ராஸ் செக்ஸ், வேட்டிக் கரை, எங்கிருந்தோ ஒரு பட்டு முந்தானைத் துண்டு என்று பெட்டியைக் கிளறி எடுத்துத் தைத்திருந்தீர்கள். தையலுக்கு விடுவதையும் சேர்த்து 12½ அங்குலச் சதுரம் என்று சொல்லியிருந்தோம். வந்தவை 11¾-இல் தொடங்கி 12¾ வரை இருந்தன. குறையாகச் சொல்லவில்லை. கைத்தறித் துணி இழுத்த பக்கம் நீளும், மெஷினும் வீட்டுக்கு வீடு வேறு. எல்லாம் ஒரே அளவில் வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அப்படியே சேர்த்துத் தைத்தால் இரண்டாவது வரிசையிலேயே கோணிவிடும். பெரியதையெல்லாம் சின்னதின் அளவுக்கு நறுக்கிவிடலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. நறுக்கினால் ஒரு கோலத்தின் ஓரப் புள்ளிகள் அத்தனையும் போயிருக்கும். நூலகக் குழுவில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். அவர்தான் கத்தரிக்கோலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு வழி சொன்னார். எல்லா பிளாக்குகளையும் சுற்றி ஒரே துணியில் ஒன்றரை அங்குலப் பட்டை தைக்க வேண்டும். அதற்கப்புறம் எல்லாவற்றையும் 13½ அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். சின்ன பிளாக்கைச் சுற்றிப் பட்டை கொஞ்சம் அகலமாக நிற்கும், பெரியதைச் சுற்றி ஒல்லியாக. பட்டைக்குக் காடாத் துணி எடுத்தோம். இப்போது அளவுநாடா வைத்துப் பார்த்தால் ஒழிய யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அந்த அம்மாவுக்கு இன்னொரு நன்றியும் உண்டு. ஊரை விட்டுப் போகிறவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் பெயர் எழுதி பிளாக் தைத்துக் கொடுக்கும் வழக்கம் 1840-களிலேயே இந்த நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மேரிலாந்துப் பக்கமெல்லாம் பரவியிருந்ததாம். மேற்கே குடிபெயர்ந்த குடும்பங்களும் இடம் மாறிப்போன பாதிரியார்களும் அப்படி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் பெயர் எழுதும் யோசனையே நமக்கு வந்திருக்காது.

அடுத்து, நிலை இரண்டில் படிக்கும் பெண்ணின் அப்பா. எக்செல் தாளோடு வந்து, “18 என்பது சாய்த்து வைக்கத் தோதான எண்” என்றார். கணக்கு சரிதான். பிளாக்குகளை வைர வடிவில் முனையில் நிற்க வைத்தால் 3-க்கு 4 என்று 12, அவற்றின் இடைவெளிகளில் 6, ஆக 18. ஓரத்துக்கு 10 முக்கோணம், மூலைக்கு 4. குவில்ட் ஏறக்குறைய 55-க்கு 74 அங்குலம் வரும். ஓர முக்கோணங்களை, பெரிய சதுரத்தை இரண்டு குறுக்குக் கோட்டிலும் வெட்டி நான்காக எடுக்க வேண்டும், அப்போதுதான் வெளி விளிம்பில் நேர் இழை வரும், தொங்கித் தொய்யாது என்பது வரை தேடிப் படித்து வைத்திருந்தார். ஆனால் நம் பிளாக்குகளில் பாதிக்கு மேல் தலை எது, கால் எது என்று உள்ளவை: குத்துவிளக்கு, கோபுரம், எழுத்துகள். சாய்ந்த கோபுரத்தை டீச்சர் மன்னித்திருப்பார், சாய்ந்த ‘ழ’வை நிச்சயமாக மன்னித்திருக்க மாட்டார். உங்கள் திட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை சார். ஆனால் நாங்கள் உறுதியாக ஒரு முடிவுக்கு வந்ததே அதைத் தரையில் விரித்துப் பார்த்ததனால்தான்.

சரி, நேராகவே வைப்பது என்றானதும், 18-ஐ 3-க்கு 6 என்று வைத்தால் துண்டு மாதிரி நீண்டுவிடும். இரண்டு அக்காமார் ஆளுக்கொரு பிளாக் கூடுதலாகத் தைத்தார்கள்; 4-க்கு 5 ஆயிற்று. இதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு நிம்மதி. ஒரு வரிசைக்கு நான்கு என்றால் நட்டநடு பிளாக் என்று ஒன்று கிடையாது. யாருடையதை நடுவில் வைப்பது என்ற பஞ்சாயத்தும் கிடையாது.

பிளாக்குகளுக்கு நடுவே வரும் இடைப்பட்டை 2 அங்குலம், அரக்கு நிறம். கடுகு மஞ்சள் கேட்டவர்களே, நீங்களும் பார்த்தீர்கள்: சுவரில் ஒட்டியபோது மஞ்சள்தான் முதலில் கண்ணில் பட்டது, பிளாக்குகள் பின்னால் போய்விட்டன. சுவரில் ஃபிளானல் துணி கட்டித் தந்த நூலகத்தாருக்கு நன்றி; பருத்தி அதில் குண்டூசி இல்லாமலே ஒட்டிக்கொண்டது. அதைப் போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துக் காட்டிய ஏழாம் வகுப்புத் தம்பிக்கு இரட்டை நன்றி. அடர் நிறங்கள் எல்லாம் இடப்பக்கமே கூடி நின்றதை அதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. நான்கு பிளாக்குகளை இடம் மாற்றினோம், சரியாயிற்று.

சிவப்புச் சுங்குடியை நனைத்து, காடாத் துண்டின் மேல் அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்த்த அண்ணிக்கும் நன்றி. போயிற்று. நல்ல வேளையாக அது தனியாக இருந்தபோதே போயிற்று. சாயம் நிற்கும்வரை அலசிக் கொடுத்தார்.

பட்டைகள் கூடும் இடங்களில் 30 சிறு சதுரங்கள் வந்தன. பிள்ளைகள் அவற்றில் தமிழில் பெயர் எழுதினார்கள். துணி நழுவாமல் இருக்கப் பின்னால், ஒரு பக்கம் பூச்சுள்ள ஃபிரீசர் தாளை இஸ்திரி போட்டு ஒட்டிக் கொடுத்தவர்கள் குழுவினர். தையல் மடிப்பை எப்போதும் இடைப்பட்டைப் பக்கமே இஸ்திரி போடு என்று சொல்லித் தந்தவர்களும் அவர்களே. அப்படிச் செய்தால் வரிசையோடு வரிசை சேரும்போது மடிப்புகள் எதிரெதிராக வந்து பூட்டிக்கொள்கின்றன. மூலைகள் 30-ம் சேர்ந்து நிற்பது அதனால்தான்.

நடுவே பஞ்சு வைத்து, முடிச்சுப் போட்டு, ஓரம் கட்டியது கடைசிச் சனிக்கிழமை. அன்று இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்து, துணிக்குப் பக்கத்தில் யாரையும் சாப்பிட விடாமல் காவல் காத்த மாமாவுக்கும் நன்றி.

மீந்த துணிகளைப் பெயர் எழுதிப் பைகளில் போட்டு நூலகத்தில் வைத்திருக்கிறேன். பட்டுத் துண்டு யாருடையது என்று மட்டும் தெரியவில்லை. உரியவர் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
நிலை ஒன்று மாணவனின் அம்மா