நீள்வட்டச் சுற்றளவுக்கு முன்னால் சமக்குறி வேண்டாம்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கணிதப் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். அரை நெட்டச்சு அ, அரைக் குற்றச்சு இ என்றால் நீள்வட்டத்தின் பரப்பளவு πஅஇ. ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. சரி, சுற்றளவு எங்கே என்று மாணவர் பக்கத்தைப் புரட்டினால், பல நூல்களில் மூச்சே இல்லை. சிலவற்றில் 2π√((அ²+இ²)/2) என்று இருக்கிறது, முன்னால் கம்பீரமாக ஒரு சமக்குறியோடு. சொல்லாமல் விட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சமக்குறியைத்தான் பொறுக்க முடியவில்லை.

அ = 5, இ = 3 என்று வைத்துப் பாருங்கள். உண்மையான சுற்றளவு 25.527, இந்தச் சூத்திரம் தருவது 25.906. ஒன்றரை சதவீதம்தானே, போகட்டும். ஆனால் அ = 10, இ = 1 என்றால் உண்மை 40.64, சூத்திரம் 44.65. ஏறக்குறையப் பத்து சதவீதம் கூடுதல்! இன்னும் நசுக்கி இ-யைப் பூச்சியமாக்கினால் நீள்வட்டம் வெறும் கோட்டுத்துண்டாகிவிடும். அதில் ஒருமுறை போய்வரும் தூரம் 4அ, சூத்திரமோ 4.44அ என்கிறது. இந்தச் சோதனையைப் பள்ளி மாணவரே செய்துவிடலாம். அதற்காகவாவது இதைப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.

பரப்பளவு எளிதாக வருகிறது, சுற்றளவு ஏன் வரவில்லை? வட்டத்தை ஒரு திசையில் நசுக்கினால் பரப்பு எங்கும் ஒரே விகிதத்தில் குறையும். நீளம் அப்படிக் குறையாது. நசுக்கும் திசையிலேயே கிடக்கும் வில்துண்டு நன்றாகச் சுருங்கும், குறுக்கே கிடப்பது அப்படியே இருக்கும், இடைப்பட்டவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சுருங்கும். இவற்றையெல்லாம் கூட்டப்போனால் நீள்வட்டத் தொகையீட்டில் போய் நிற்போம். அதை வர்க்கமூலம், மடக்கை, சைன் போன்ற அடிப்படைச் சார்புகளால் முடித்து எழுதவே முடியாது என்று 1830-களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லியூவில் நிறுவிவிட்டார். யாரும் சோம்பலில் விட்டுவைத்த கணக்கு அல்ல இது. மாணவரிடம் இதை மறைப்பானேன்?

தோராயம் வேண்டுமென்றால் ராமானுஜன் 1914-இல் வெளியிட்டது இருக்கிறதே:

சுற்றளவு ≈ π[3(அ+இ) − √((3அ+இ)(அ+3இ))]

இதற்கு வர்க்கமூலம் தெரிந்தால் போதும். 5, 3-க்கு 25.52699 வருகிறது, பிழை ஐந்தாவது தசம இடத்தில்தான். 10, 1 என்ற தட்டையான நீள்வட்டத்துக்கும் 40.61. கோட்டுத்துண்டுச் சோதனையில் மட்டும் 3.98அ என்று லேசாகச் சறுக்குகிறது. சறுக்கட்டும், ≈ என்ற குறி அதைத்தானே சொல்கிறது.

இன்னொரு சின்னக் குறை. பயிற்சிக் கணக்குகளில் ‘நீள்வட்ட வடிவ ஓடுதளம்’ என்று எழுதுகிறீர்கள். 400 மீட்டர் ஓடுதளம் நீள்வட்டமே அல்ல: இரண்டு நேர்க்கோடுகள், இரண்டு அரைவட்டங்கள். தரப்படுத்திய ஓடுதளத்தில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், உள்தடத்தை அளக்கும் ஆரம் 36.80 மீட்டர். 2 × 84.39 + 2π × 36.80 போட்டால் சரியாக 400.00 வந்து நிற்கும். இங்கே தோராயச் சூத்திரத்துக்கு வேலையே இல்லை. அடுத்த பதிப்பில் இந்தக் கணக்கை வட்டப் பாடத்துக்கு மாற்றிவிடுங்கள். காலியாகும் இடத்தில் ராமானுஜன் சூத்திரம் தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு,
கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்