வாட் கணக்கில் ஒரு குழப்பம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்பீக்கர் பழுது பார்ப்பது என் தொழில். வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஆம்ப்ளிஃபயர் 100 வாட், ஸ்பீக்கர் 50 வாட். எரிந்துவிடாதா?"

ஆம்ப்ளிஃபயரில் போட்டிருப்பது அதனால் தர முடிந்த அளவு. எந்நேரமும் ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும் அளவு அல்ல. போன வாரம் வீட்டில் அளந்து பார்த்தேன். நாங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் சத்தத்தில் 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, 8 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கரின் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தேன். 2.8 வோல்ட் காட்டியது. வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். அதாவது, ஏறத்தாழ 1 வாட்தான்! 100 வாட் போக வேண்டுமானால் 28 வோல்ட் வேண்டும்.

அந்த 8 ஓமும் பெயரளவுதான். அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும்; ஒத்ததிர்வு வரும் இடத்தில், அதாவது ஸ்பீக்கர் தன் இயல்பிலேயே அதிரும் அதிர்வெண்ணில், சில ஸ்பீக்கர்களில் 30 ஓமைத் தாண்டும். அங்கே உள்ளே போகும் வாட் இன்னும் குறைவு.

என்னிடம் எரிந்து வரும் ட்வீட்டர்களில் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்கள்) பல, சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகி வைத்ததால் போனவை. சக்தி போதாமல் அலையின் முகடு வெட்டுப்பட்டால் சராசரி வாட் ஏறிவிடும். 20 வாட் ஆம்ப்ளிஃபயர்கூட அப்போது 40 வாட்டை நெருங்கலாம். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது.

தயாரிப்பாளர்கள் உச்ச வாட்டை (கண நேரம் மட்டும் தாங்கும் அல்லது தரும் அளவை) பெரிய எழுத்தில் போடுவதை விட்டுவிட்டு, எத்தனை ஓமில் தொடர்ச்சியாக எத்தனை வாட் என்பதைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்பீக்கர் பழுது பார்க்கும் வாசகர்