பார்த்தவர்கள் எழுதிய புத்தகங்கள்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. இதய வால்வு மாற்றிய பிறகு உன் கணவர் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. நான் இங்கே நலம். இரண்டு கண்ணிலும் புரை நீக்கியாகிவிட்டது. பொடி எழுத்துகூட இப்போது தெளிவாகத் தெரிகிறது. இத்தனை மாதம் தொடாமல் வைத்திருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருக்கும் வேளையில் உன் கேள்வி வந்து சேர்ந்தது. நிலா உயிரியல் படிக்கப் போகிறாள். பாடநூலைத் தவிர அவள் கையில் எதைக் கொடுக்கலாம்?

பெரிய கருத்துகளை முதலில் கொடுக்க வேண்டும் என்பது உன் கட்சி. பரிணாமம், மரபணு, மனித இயல்பு என்று ஒரு சட்டகம் மனத்தில் அமைந்துவிட்டால் மற்றவை தாமாக அதற்குள் பொருந்திக்கொள்ளும் என்கிறாய். நாம் ஒரே பள்ளியில் பாடம் நடத்திய காலத்திலிருந்தே இந்த வழக்கு நமக்குள் தீராமல் இருக்கிறது. என் எண்ணம் இன்றும் அதேதான். தாம் எதைப் பார்த்தோம், எப்படிப் பார்த்தோம் என்று ஒருவர் எழுதிய புத்தகம்தான் இந்தத் துறையில் காலம் கடந்து நிற்கிறது. விலங்கு இப்படி நடக்கிறது, ஆகவே மனிதனும் இப்படித்தான் என்று தீர்ப்பு வழங்கும் புத்தகங்கள் பத்து இருபது ஆண்டுகளில் வெளுத்துவிடுகின்றன.

வால்வு என்று நீ எழுதியதும் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வியை மறுபடி எடுத்தேன். 1628இல் ஃபிராங்ஃபர்ட்டில் அச்சான லத்தீன் நூல். மொத்தம் 72 பக்கம். உண்ட உணவிலிருந்து கல்லீரல் ஓயாமல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உடல் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது என்பதுதான் அதுவரை ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக மருத்துவர்கள் பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலனிடமிருந்து கற்ற பாடம். ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் ரத்தம் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. அப்படியானால் 500 அவுன்ஸ், ஏறக்குறைய 14 கிலோ. உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே அவ்வளவு கிடையாது. அரை மணியில் அத்தனை ரத்தத்துக்கு வேண்டிய உணவை யார் உண்ண முடியும்? ஒரே ரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வர வேண்டும்.

இந்தக் கணக்கை விட எனக்குப் பிடித்தது அந்த நூலில் உள்ள கைப் படம். மேற்கையில் மிதமாக ஒரு கட்டுப் போட்டால் முன்கையில் சிரைகள் புடைக்கும். இடையிடையே சிறு முடிச்சுகள் தெரியும். அந்த முடிச்சுகள்தான் வால்வுகள். ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை அடுத்த முடிச்சுக்கு மேலே தள்ளிவிட்டால், நடுவிலுள்ள பகுதி வெறுமையாகிவிடும். மேலிருந்து ரத்தம் இறங்கி வராது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும். சிரையில் ரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே போகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். இதே வால்வுகளை அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் 1603லேயே விவரித்திருந்தார். ரத்தம் கால் பக்கம் போய்த் தேங்கிவிடாமல் அவை தடுக்கின்றன என்று எண்ணியதோடு அவர் நின்றுவிட்டார். ஒரே உறுப்பைக் குருவும் பார்த்தார், சீடரும் பார்த்தார். விரலை வைத்துச் சோதித்தவர் சீடர். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளைத் தவளையின் நுரையீரலில் இத்தாலிய மருத்துவர் மால்பிகி கண்டது 1661இல். ஹார்வி அதற்கு நான்கு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

அடுத்தது, நிலாவுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று நான் நினைப்பது, டார்வினின் மண்புழுப் புத்தகம். 1881இல் வந்தது, மறு ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார். மண்புழு பற்றிய முதல் கட்டுரையை அவர் வாசித்தது 1837இல். இடைப்பட்ட நாற்பத்து நான்கு ஆண்டுகளில் உலகையே புரட்டிப்போட்ட மனிதர், கடைசியில் மண்புழுவிடமே திரும்பி வந்திருக்கிறார். தொட்டிகளில் புழுக்களை வளர்த்து, அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கிறார். ஊதலை ஊதினாலும், பஸூன் என்ற ஊதுகருவியைப் பெருங்குரலில் வாசித்தாலும், பியானோவை ஓங்கித் தட்டினாலும், கத்தினாலும் புழுக்கள் அசையவில்லை. அதே தொட்டிகளைப் பியானோவின் மேல் தூக்கி வைத்துத் தாழ்ந்த சுரம் ஒன்றைத் தட்டியதும் இரண்டு புழுக்களும் வளைக்குள் பாய்ந்துவிட்டன. காற்றில் வரும் ஒலி அவற்றுக்கு இல்லை; உடலைத் தொடும் அதிர்வு இருக்கிறது.

வளையின் வாயை அடைக்கப் புழுக்கள் இலையை இழுக்கும்போது எந்த முனையைப் பற்றுகின்றன என்பது அடுத்த கேள்வி. காகிதத்தை நீண்ட முக்கோணங்களாக வெட்டிப் போட்டு, இழுக்கப்பட்ட 303 துண்டுகளை எண்ணிப் பார்த்தார். 62 விழுக்காடு கூர்முனைப் பக்கமாக உள்ளே போயிருந்தன. அகலமான பக்கத்தை விடக் கூர்முனையை இழுப்பது எளிது. மூளை என்று சொல்ல ஒரு துளிதான் உள்ள உயிர், பொருளின் வடிவத்தைத் தடவி அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்கிறது என்று டார்வின் எழுதும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது. பள்ளிப் பிள்ளை வீட்டில் செய்யக்கூடிய சோதனை இது. நிலா செய்யட்டும்.

புலன்களைப் பற்றிப் பேசினால் தொல்காப்பிய மரபியலைச் சொல்லாமல் இருக்க முடியுமா? புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் முரளும் ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, ‘நண்டும் தும்பியும் நான்கறிவினவே’. தொடுகை, சுவை, மணம், பார்வை என்று ஏறி ஐந்தாவதாகச் செவியை வைக்கிறது. உயிர்களை அவற்றின் தோற்றத்தால் பிரிக்காமல் அவை எதை உணர்கின்றன என்று கேட்டுப் பிரித்தது எவ்வளவு பெரிய சிந்தனை! அந்தக் கேள்வியை வேறு பக்கம் திருப்பியவர் ஜெர்மன் உயிரியலாளர் யாக்கோப் ஃபொன் யூக்ஸ்க்யூல். 1934இல் வந்த அவருடைய சிறு நூலில் உண்ணி ஒன்று வருகிறது. அதற்குக் கண் இல்லை. பாலூட்டியின் தோலிலிருந்து எழும் பியூட்ரிக் அமிலத்தின் வாடை, உடற்சூடு, ரோமத்தின் தொடுகை, இவ்வளவுதான் அதன் உலகம். அந்த உலகத்தில் குறை ஒன்றும் இல்லை. உண்ணிக்கு அது முழு உலகம். படிக்கட்டாக அடுக்கிப் பார்த்ததை அவர் தனித்தனி வீடுகளாகப் பார்க்கச் சொன்னார். எட் யாங் 2022இல் எழுதிய ‘ஆன் இம்மென்ஸ் வேர்ல்டு’ இந்த எண்ணத்தின் மேல் எழுந்த புத்தகம். சமீப காலத்தில் வந்தவற்றில் நிலாவின் வயதுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் படித்ததில்லை.

விலங்கு நடத்தை என்றால் நீ உடனே ஆஸ்திரிய விலங்கியலாளர் லோரன்ஸைச் சொல்வாய். ‘கிங் சாலமன்ஸ் ரிங்’ நம் இருவருக்கும் பிடித்த புத்தகம்தான். அவர்மேல் காதல் கொண்ட காக்கையினப் பறவை புழுவை அவர் வாயில் ஊட்டப் பார்த்து, அவர் வாயை மூடிக்கொண்டதும் காதுக்குள் திணித்த இடத்தை இன்று படித்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் அதே மனிதர் 1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். வீட்டு விலங்குகள் சீரழிவதுபோல நாகரிக மனிதனும் சீரழிகிறான் என்று 1940இல் அந்த ஆட்சியின் இனக் கொள்கைக்குத் துணைபோகும்படி எழுதினார். அவருடைய நண்பர், டச்சு விலங்கியலாளர் டின்பர்கன், யூதப் பேராசிரியர்கள் நீக்கப்பட்டதை எதிர்த்ததற்காக 1942இல் பிணைக்கைதியாக முகாமில் அடைக்கப்பட்டு இரண்டு ஆண்டு கிடந்தார். போருக்குப் பின் இருவரும் மீண்டும் பழகினார்கள். 1973இல் கார்ல் ஃபொன் ஃபிரிஷோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்கள். முட்டையிலிருந்து வந்ததும் முதலில் கண்ட உயிரைத் தாயாக எண்ணிப் பின்தொடரும் வாத்துக் குஞ்சுகளிடம் லோரன்ஸ் பார்த்தது நிற்கிறது. மனிதர்களைப் பற்றி அவர் வழங்கிய தீர்ப்பு நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. நான் சொல்ல வருவதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு இல்லை.

டின்பர்கனை ஏனோ நம் வட்டாரத்தில் யாரும் அவ்வளவாகப் படிப்பதில்லை. 1958இல் வந்த ‘கியூரியஸ் நேச்சுரலிஸ்ட்ஸ்’ நூலைத் தேடிப் பிடித்து நிலாவுக்குக் கொடு. தேனீயைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து தூக்கிவந்து மணலுக்குள் வளையில் வைக்கும் ஒரு குளவி. ஆயிரம் மணல் மேடுகளுக்கு நடுவே தன் வளையை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? குளவி உள்ளே இருக்கும்போது வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். அது வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வேட்டைக்குப் போனது. அந்த இடைவெளியில் காய்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். இரையோடு திரும்பிய குளவி, பக்கத்திலேயே இருக்கும் தன் வளையை விட்டுவிட்டுக் காய் வட்டத்தின் நடுவே இறங்கித் தேடியது. காய்களைப் பழைய இடத்துக்கு மாற்றியதும் வளைக்குப் போய்விட்டது. கருவி ஒன்றும் இல்லை. பொறுமையும் ஒரு நல்ல கேள்வியும் போதுமாக இருந்தன.

பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாப்ரை நீ முன்பே படித்திருக்கிறாய் என்பதால் நீட்டவில்லை. பரிணாமத்தைக் கடைசிவரை ஏற்காதவர். ஆனாலும் டார்வினே வியந்து பாராட்டிய கண். அவருடைய பூச்சி நூல்கள் பத்துத் தொகுதி. தொட்டியின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு நாள் சுற்றிவந்த கம்பளிப்புழுக்களை அவர் கொள்கையை மறுப்பவர்களும் இன்றுவரை எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஜேன் குடாலை வாங்கும்போது இரண்டு நூல்களையும் சேர்த்து வாங்கு. பட்டம் எதுவும் இல்லாமல் 1960இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டுக்குப் போன இளம்பெண், சிம்பன்சி ஒன்று புல் தண்டைக் கறையான் புற்றுக்குள் விட்டு இழுத்து, அதில் ஒட்டிய கறையான்களைத் தின்பதைக் கண்டார். கருவி செய்வது மனிதன் மட்டும்தான் என்ற கோட்பாடு அதோடு போயிற்று. 1971இல் வந்த ‘இன் த ஷேடோ ஆஃப் மேன்’ அந்த முதல் ஆண்டுகளின் மகிழ்ச்சி. பின்னர் அதே கூட்டம் இரண்டாகப் பிரிந்து, 1974 முதல் 1978 வரை ஒரு பகுதி மற்றதை ஒவ்வொன்றாகத் தாக்கிக் கொன்றது. 1990இல் வந்த ‘த்ரூ எ விண்டோ’வில் அவர் அதை மறைக்காமல் எழுதினார். தாம் பெயர் சூட்டி நேசித்த உயிர்களைப் பற்றி அப்படி எழுதுவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்!

மனித உடலுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். ரெபெக்கா ஸ்க்லூட் 2010இல் எழுதிய, ஹென்ரியெட்டா லாக்ஸின் கதை. 1951இல் பால்டிமோர் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற கறுப்பினப் பெண்ணிடமிருந்து அவருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட உயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பூசியைச் சோதிக்கவும் அவை பயன்பட்டன. 31 வயதில் அவர் இறந்தார். குடும்பத்துக்குச் செய்தி தெரியவே இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இது அறிவியலா, வாழ்க்கை வரலாறா என்று நீ கேட்பாய். நுண்ணோக்கியின் கீழ் இருக்கும் உயிரணு ஒருவருடையது என்பதை உயிரியல் மாணவி முதல் ஆண்டிலேயே அறிந்திருக்க வேண்டும்.

டாக்கின்ஸின் ‘செல்ஃபிஷ் ஜீன்’ (சுயநல மரபணு) நூலை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 1976இல் வந்த அந்த நூலின் வாதம் கூர்மையானது. இவற்றுக்குப் பின் அவள் படித்தால், மரபணுவுக்கே சுயநலம் என்ற மனநிலை இருப்பதாகத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

உன் மறுப்பு என்னவாக இருக்கும் என்று தெரியும்: டார்வின் 1859இல் எழுதிய ‘உயிரினங்களின் தோற்றம்’ பெரிய கருத்துதானே? அதன் முதல் அத்தியாயத்தை மறுபடி திறந்து பார். புறாக்கள்! அவரே புறா வளர்த்து, புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்து, எலும்பு எலும்பாக அளந்து எழுதியவை. அதற்கு முன் எட்டு ஆண்டு, கடல் பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசுகளோடு உட்கார்ந்திருந்தார். இதற்கு நீ என்ன சொல்கிறாய்? அடுத்த கடிதத்தில் எழுது. லோரன்ஸை நிலாவுக்குக் கொடுப்பதானால் 1938ஐயும் சேர்த்துச் சொல்லிக் கொடு. அவள் என்ன சொன்னாள் என்பதையும் எனக்குத் தெரிவி.

அன்புடன்,
வசந்தா