‘மறு கன்னத்தைக் காட்டு’ என்று சொல்லி அனுப்புவதற்கு முன்: சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் உள்ள தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், முக்கியமாக ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

பள்ளிக்கூடத்தில் கேலிக்கும் பட்டப்பெயருக்கும் ஆளாகிற ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால், "மறு கன்னத்தைக் காட்டு, ஜெபம் பண்ணு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். இதைக் கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்தேயு 5:39 எனக்கும் ஆண்டவருடைய வார்த்தைதான். ஆனால் அந்த வசனத்தை வைத்தே ஒரு பிள்ளையின் வாய் அடைக்கப்பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனசு வரவில்லை.

என் அக்கா மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அமைதியான பையன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவன் படத்தை ஸ்டிக்கராக மாற்றி, "லைட்டைப் போடுங்கள், இவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை" என்று எழுதிப் போட்டார்கள். அப்புறம் அது தினசரிப் பழக்கமாகிவிட்டது. அவன் வகுப்புக்குள் நுழைந்தால் ஒருவன் சுவிட்சைத் தட்டுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். இடைவேளையில் கேன்டீனுக்குப் போவதை நிறுத்திவிட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். என்னை மிகவும் வருத்தியது என்னவென்றால் அந்தக் குழுவில் சிரித்தவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள், அதில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை இவனோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து வசனம் மனப்பாடம் செய்கிறவன். பையன் தைரியம் வரவழைத்துக்கொண்டு முதலில் போய்ச் சொன்னது அம்மாவிடம் இல்லை, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரிடம். அவர் கெட்டவர் இல்லை, பிள்ளைகள்மேல் பிரியமுள்ளவர்தான், ஆனால் அவர் கொடுத்த பதில் மேலே எழுதினேனே, அதே பதில். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து அக்கா தற்செயலாகக் கைப்பேசியைப் பார்த்ததால்தான் எங்களுக்கே தெரிந்தது.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே இயேசுவின் கன்னத்தில் ஒருவன் அறைந்தபோது அவர் என்ன செய்தார்? யோவான் 18-ஆம் அதிகாரம். பிரதான ஆசாரியன் முன்னால் நிற்கிறார், சேவகன் ஒருவன் அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவில்லை, ஆனால் மௌனமாகவும் இருந்துவிடவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அதை எடுத்துக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று நேருக்கு நேர் கேட்கிறார். அத்தனை பேர் முன்னிலையில், அதிகாரத்தில் இருப்பவர்கள் காதில் விழும்படி. பழிவாங்காமல் இருப்பது ஒன்று, நடந்த அநியாயத்தை அநியாயம் என்று சொல்வது இன்னொன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பதை ஆண்டவரே காட்டியிருக்கிறார். நாம் பிள்ளைகளுக்கு முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். பவுலையும் பாருங்கள். பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு மறுநாள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று நின்றுவிட்டார் (அப்போஸ்தலர் 16:37). அவருக்கு விசுவாசம் குறைச்சல் என்று யாராவது சொல்வோமா?

அதே புத்தகத்தில் 23-ஆம் அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளியில் யாரும் நடத்தி நான் பார்த்ததில்லை. பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை என்று 40-க்கும் மேற்பட்டவர்கள் சபதம் எடுக்கிறார்கள். பவுலின் சகோதரி மகன் அதைக் கேள்விப்படுகிறான். கேள்விப்பட்டதும் கோட்டைக்குள் போய்ப் பவுலிடம் சொல்கிறான். பவுல் அவனைச் சேனாபதியிடம் அனுப்புகிறார், "பொறுத்துக்கொள்வோம் தம்பி" என்று சொல்லவில்லை. சேனாபதி என்ன செய்தார் என்பதை ஆசிரியர்கள் தயவுசெய்து நிதானமாக வாசிக்க வேண்டும். அந்தப் பையனின் கையைப் பிடித்து, தனியே அழைத்துப்போய், நீ எனக்குச் சொல்ல வேண்டியது என்ன என்று கேட்கிறார். எல்லார் முன்னாலும் விசாரிக்கவில்லை. கேட்டு முடித்ததும், நீ என்னிடம் சொன்னதாக ஒருவருக்கும் சொல்லாதே என்று அவனைப் பாதுகாத்து அனுப்புகிறார். அன்று இரவே 200 போர்ச்சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் என்று 470 பேரைப் பவுலோடு அனுப்பிவைக்கிறார். ஒரு சின்னப் பையனின் வார்த்தையை ஒரு ரோம அதிகாரி அந்த அளவுக்கு மதித்தார். கர்த்தரை அறியாத மனிதர் அவர். நம் சபைகளில் ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது அவன் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போய்க் கேட்க ஆள் இருக்கிறார்களா?

சரி, இது ஒரு வீட்டுக் கதை, பெரிதுபடுத்துகிறாள் என்று நினைக்கலாம். கல்வி அமைச்சு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, தொடக்கப்பள்ளியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,000 மாணவர்களுக்குச் சுமார் 2 பகடிவதைச் சம்பவங்கள், உயர்நிலைப்பள்ளியில் சுமார் 6. ஆனால் 2018-இல் பிசா என்ற அனைத்துலக மாணவர் ஆய்வில் 15 வயது மாணவர்களையே நேரடியாகக் கேட்டபோது, சிங்கப்பூரில் 26 விழுக்காட்டினர் மாதத்தில் சில முறையாவது பகடிவதைக்கு ஆளாவதாகச் சொன்னார்கள், ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நாடுகளின் சராசரி 23 விழுக்காடு. இரண்டும் ஒரே அளவுகோல் இல்லைதான், பிசாவில் சின்னக் கேலியும் சேர்கிறது. அப்படியே இருந்தாலும் நடுவில் இருக்கிற அந்தப் பெரிய இடைவெளியில் நிற்பவர்கள் சொல்லாத பிள்ளைகள். சொல்லாமல் இருப்பதைப் பக்தி என்று கற்றுக்கொடுக்கும் வேலையைச் சபை செய்யக் கூடாது.

யோசேப்பின் கதைக்கு வருகிறேன். பலவருண அங்கி, குழி, எகிப்து, அதிபதி என்று நாம் எல்லாரும் நடத்துகிற பாடம். அந்தக் கதை குழியில் தொடங்கவில்லை, பட்டப்பெயரில் தொடங்குகிறது. தூரத்தில் தம்பி வருவதைப் பார்த்ததும் அண்ணன்மார் சொன்னது "சொப்பனக்காரன் வருகிறான்". அவன் பெயரைச் சொல்லவில்லை. பெயரை எடுத்துவிட்டால் அப்புறம் அங்கியைக் கழற்றுவதும் குழியில் தள்ளுவதும் சுலபமாகிவிடுகிறது, தள்ளிவிட்டு உட்கார்ந்து சாப்பிடவும் முடிகிறது. இதை எந்தப் பள்ளி வகுப்பறையிலும் பார்க்கலாம். ரூபனையும் பாருங்கள். அவனுக்கு இது தப்பு என்று தெரியும், காப்பாற்ற நினைத்தான், ஆனால் கொல்ல வேண்டாம், குழியில் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவனை விட்டுவிடுங்கள் என்று வெளிப்படையாகப் பேசாமல் பிறகு யாருக்கும் தெரியாமல் தூக்கிவிடலாம் என்று இருந்தான். திரும்பி வந்தபோது குழி காலியாக இருந்தது. நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அடிப்பவர்களும் இல்லை, அடிபடுகிறவர்களும் இல்லை. அவர்கள் ரூபன்கள், குழுவில் ஸ்டிக்கர் வந்தபோது சிரிக்காமல் ஆனால் எதுவும் சொல்லாமல் கைப்பேசியை மூடி வைத்தவர்கள். அவர்களுக்கு என்று ஒரு பாடமாவது நடத்தியிருக்கிறோமா? ஆதியாகமம் 42:21-இல் அந்த அண்ணன்மார் பல வருடம் கழித்துப் பேசிக்கொள்வது அவன் கெஞ்சினதைப் பற்றித்தான், கண்டும் செவிகொடுக்காமல் போனோமே என்று.

மன்னிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்த கேள்வி அதுதான். கிறிஸ்தவன் மன்னிக்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யோசேப்பு 17 வயதில் விற்கப்பட்டான், 30 வயதில் பார்வோன் முன் நின்றான், 7 செழிப்பான வருடங்களும் பஞ்சத்தில் 2 வருடங்களும் போன பிறகுதான் சகோதரர்களைக் கட்டிப்பிடித்து அழுதான். 20 வருடத்துக்கும் மேல். அதுவும் பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்து நின்ற பிறகு, அதாவது அவர்கள் மாறிவிட்டார்கள் என்று கண்ணால் கண்ட பிறகு. நாமோ ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இடைவேளை முடிவதற்குள் மன்னிக்கச் சொல்கிறோம். "சாரி சொல்லு, நீ கைகொடு, முடிந்தது" என்று பெரியவர்கள் நடத்தி வைக்கிற சமாதானத்தில் நிம்மதி அடைவது பெரியவர்கள் மட்டும்தான்.

கேலி செய்த பிள்ளையையும் நாம் கைவிடக் கூடாது, அவனும் நம் பிள்ளை. சகேயுவின் வீட்டுக்கு இயேசு போனார், எல்லாரும் முறுமுறுத்தாலும் போனார். ஆனால் சகேயு வெறும் "சாரி" சொல்லவில்லை, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். ஸ்டிக்கர் போட்ட பையன் அதே குழுவில் அதை எடுத்துவிட்டு, நான் செய்தது தப்பு என்று அதே பிள்ளைகள் முன்னால் எழுத வேண்டும். அது அவனுக்குக் கஷ்டம், பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால்தான் செய்வான். அந்தப் பெரியவர் சபையிலிருந்து ஏன் வரக் கூடாது?

இனி நம்மைப் பற்றி. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் "என்னடி கருப்பி", "வாடா குண்டு" என்று கூப்பிடுவது யார்? பாசத்தோடுதான் கூப்பிடுகிறோம், பிள்ளையும் சிரிக்கிறது, வேறு என்ன செய்யும்? பத்து வயதுப் பெண் பிள்ளைக்கு முகத்துக்கு எந்தக் கிரீம் போடலாம் என்று சொல்லித்தருகிற ஆன்ட்டிகள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளே இல்லை, ஆனால் "அவன் என்டி (நார்மல் டெக்னிக்கல்) டைப்" என்று சொல்வது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இன்னும் போகவில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளையின் பேச்சை இங்கே பிறந்த பிள்ளைகள் நடித்துக் காட்டுகிறார்கள், இங்கே பிறந்த பிள்ளையின் தமிழைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், இரண்டு பக்கத்துப் பெற்றோரும் அதைக் கண்டுகொள்வதில்லை. மற்ற இனத்துப் பிள்ளை நம் பிள்ளையை நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் நமக்குக் கொதிக்கிறது, கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே நாவினாலே தேவனைத் துதித்துவிட்டு, தேவசாயலாக உண்டாக்கப்பட்ட மனுஷரைச் சபிக்கிறோம் என்று யாக்கோபு எழுதினது முதலில் சபைக்குத்தான்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சபையிலும் பிள்ளைகள் போய்ச் சொல்லக்கூடிய ஒருவரை, முடிந்தால் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும், பெயர் சொல்லி அறிவியுங்கள். அவர்களுக்கு அடிப்படை விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: எல்லாப் பள்ளிகளிலும் ஆலோசகர் இருக்கிறார், முதலில் வகுப்பாசிரியரிடம் போக வேண்டும், குழுவில் வந்ததை அழிப்பதற்கு முன் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும், பதிலுக்குத் திட்டி எழுதக் கூடாது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சிங்கப்பூர் சிறுவர் சங்கம் நடத்தும் டிங்கிள் ஃபிரண்ட் தொலைபேசி 1800-2744-788, இதை ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014-இல் வந்தது, இணையத்தில் நடப்பதும் அதற்குள் வரும், 2021 ஜூனிலிருந்து அதற்கென்று தனி நீதிமன்றமும் இருக்கிறது. அங்கே போக வேண்டிய நிலை வரக் கூடாது, ஆனால் அப்படி ஒரு வழி இருப்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிற அம்மா அப்பா பள்ளிக்குக் கூப்பிடப்பட்டால் கூடப் போய் உட்கார ஒருவர் வேண்டும். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. பல வீடுகளில் புகார் நின்றுபோவதே அந்த இடத்தில்தான்.

இந்த ஊரில் நம்மால் முடியாத காரியம் இல்லை இது. 1887-இல் மெதடிஸ்ட் மிஷனரி சோஃபியா பிளாக்மோர் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் 9 இந்தியச் சிறுமிகளோடு தொடங்கிய தமிழ்ப் பெண்கள் பள்ளிதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. பிள்ளைகளுக்காகப் பொறுப்பெடுப்பது சிங்கப்பூர்த் திருச்சபைக்குப் புதிதல்ல.

ஜூன் விடுமுறையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது அப்போஸ்தலர் 23-ஐயும் ஆதியாகமம் 37-ஐயும் இந்த நோக்கத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பாடம் எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன், என்னைப் போல இன்னும் சில அம்மாக்களும் வரத் தயாராக இருக்கிறார்கள். உங்கள் சபையில் யார் பொறுப்பெடுக்கிறார், எந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பீர்கள் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
ஒரு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையின் சித்தி