பிலிப்பைன்ஸ் பட்ஜெட் டூர்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

2025 ஜூனிலிருந்து இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா எடுக்காமலேயே 14 நாள் வரை பிலிப்பைன்ஸைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஆனதும் எங்கள் போன் ஓயவில்லை. போய்வந்தவர்களில் பலர் அடுத்த குழுவில் தங்கச்சி குடும்பத்துக்கும் இடம் போடச் சொல்கிறார்கள், சிலரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "பாதி டூர் வேனிலேயே போச்சு" என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஒரே வேனில் போனவர்கள்தான் இருவரும்.

விலையை நாங்கள் எங்கே குறைக்கிறோம் என்று சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும். கடல், தீவு, லகூன் (பாறைகள் சூழ்ந்த கடல்நீர்த் தேக்கம்) எதிலும் குறைக்கவில்லை. உங்கள் நேரத்தில்தான் குறைக்கிறோம். காசு கூடப் போட்டால் தலைநகர் மணிலாவிலிருந்து நேரே, லகூன் படகுகள் கிளம்புகிற எல் நீடோ ஊருக்கே விமானம் உண்டு. நாம் அதே பலாவான் தீவிலுள்ள புவெர்ட்டோ பிரின்செசா நகரில் இறங்கி, அங்கிருந்து வேனில் ஐந்தாறு மணி நேரம் தீவின் வடக்கு முனையான எல் நீடோ வரை போகிறோம். வளைவுகள் நிறைய, வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மணிலாவில் எதற்கு அத்தனை மணி நேரம் உட்கார வைக்கிறீர்கள் என்பது அடுத்த கோபம். வெளிநாட்டு விமான டிக்கெட்டும் உள்நாட்டு டிக்கெட்டும் தனித்தனி. பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அந்த விமான நிலையத்தின் டெர்மினல்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல, ரோட்டில் வண்டி பிடித்துத்தான் மாற வேண்டும், மணிலா டிராஃபிக்கோ கேட்கவே வேண்டாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் மலிவு டிக்கெட்டில் பணம் திரும்பாது. அதனால் அந்த இடைவெளியை நாங்கள் குறைக்கப் போவதில்லை, திட்டினாலும் சரி.

எல் நீடோவில் நாம் ஏறுவது 'ஜாயினர்' படகு, அதாவது ஊர் ஊரிலிருந்து வந்த மற்றவர்களோடு சேர்ந்து போகிற படகு. இரண்டு பக்கமும் மூங்கில் தாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பங்கா படகுகள் அவை. தண்ணீர் வற்றியிருந்தால் கரைக்கு வராது, தொடையளவு தண்ணீரில் நடந்து போய், ஆடுகிற குட்டி ஏணியில் காலை வைத்து ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் இதை நன்றாக யோசியுங்கள். ஆனால் மதியம் அந்தப் படகுக்காரர்கள் பின்பக்கத்தில் கரியை மூட்டி மீன் சுட்டு, சோறு, வெள்ளரி, தர்பூசணி எல்லாம் ஒரு தீவின் மணலில் பரப்பி வைப்பார்கள் பாருங்கள், அதன் மேல் காலமன்சி என்கிற குட்டி எலுமிச்சையைப் பிழிந்து சாப்பிட்டவர்கள் யாரும் எங்களிடம் வேனைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. பிக் லகூன் உள்ளே கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் போக வாடகை தனி, அது உங்கள் செலவு. சுற்றுச்சூழல் கட்டணமும் துறைமுகக் கட்டணமும் நாங்கள் கட்டிவிடுவோம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம், கஷ்டம்தான். பினாக்பெட் என்று கத்தரி, பாகல், வெண்டை, பூசணி போட்ட கறி இருக்கும், பார்த்தால் நம் வீட்டுக் கூட்டு, ஆனால் உள்ளே இறால் விழுது. கீரை வதக்கலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும். எங்கள் வழிகாட்டி கடைக்குக் கடை பேசி வாங்கித் தருவார், ஆனாலும் பருப்புப்பொடி கொண்டு போங்கள், பூண்டு சாதத்தோடு அருமையாகப் போகும். ஹலால் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, படகில் மீனும் பன்றி இறைச்சியும் ஒரே கம்பியில் சுடப்படலாம், முன்பே சொன்னால் தனியாக ஏற்பாடு செய்வோம். கையில் எடுத்துப் போகிற பையை அங்குள்ள மலிவு விமானங்களில் 7 கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள், எனவே ஊறுகாய் பாட்டிலைப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

அப்புறம் புயல். ஜூன் முதல் நவம்பர் வரை சீசன், ஆனால் 2021 டிசம்பரில்தான் ஒடெட் புயல் போஹோல், செபு, பலாவான் தீவுகள் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. காற்று எச்சரிக்கை வந்தால் கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவிடும், அன்று யாரிடம் கெஞ்சியும் பயனில்லை. புவெர்ட்டோ பிரின்செசா பக்கம் குகைக்குள் ஓடுகிற நிலத்தடி ஆறும் இப்படித்தான், சபாங் கரையிலிருந்து படகில்தான் குகை வாசலுக்குப் போக வேண்டும், அலை அதிகமானால் ரத்து. (போக முடிந்தால் குகைக்குள் வாயை மூடிக்கொண்டு மேலே பாருங்கள், கூரை முழுக்க வௌவால்.) படகு நின்றுபோனால் அந்தப் படகுப் பணம் உங்களுக்குத் திரும்ப வரும், கூடுதல் இரவுத் தங்கல் வந்தால் அந்தச் செலவு உங்களுடையது. எங்களுக்குப் பிடித்த மாதம் மார்ச், கடல் சாதுவாக இருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மட்டும் நாங்கள் குழு எடுப்பதில்லை, அந்த ஊர்க்காரர்களே மொத்தமாகக் கிளம்பிவிடுவார்கள், படகிலும் அறையிலும் இடம் கிடைக்காது.

டூரில் போஹோல் தீவுப் பகுதி சுலபம். சாக்லேட் குன்றுகள், பெரிய உருண்டைக் கண்ணுள்ள டார்சியர் என்கிற குட்டி விலங்கு, லோபோக் ஆற்றில் படகுச் சாப்பாடு, எல்லாம் ஒரே நாளில் முடியும். டார்சியர் பகலில் தூங்குகிற பிராணி, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் கூடவே கூடாது.

தேனிலவு ஜோடிகளுக்கும், காலை ஒன்பதுக்கு முன் எழ மனமில்லாதவர்களுக்கும் இந்த டூர் வேண்டாம் என்று நாங்களே சொல்கிறோம். அவர்களுக்கு செபு, போஹோல் மட்டும் வைத்துத் தனித் திட்டம் போட்டுத் தருகிறோம், விலை கூடும்.

பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், 14 நாளை அங்கே போய் நீட்டிக்க முடியாது. இ-டிராவல் என்கிற பிலிப்பைன்ஸ் அரசின் ஆன்லைன் பயணப் பதிவை வந்திறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். பதிவு செய்யும்போதே சைவமா, ஹலாலா, முட்டி வலி உண்டா என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள், அறை ஒதுக்குவதும் படகுக்காரரிடம் சாப்பாடு சொல்வதும் அதை வைத்துத்தான்.

இப்படிக்கு,
உங்கள் டூர் ஏற்பாட்டாளர்கள்