மருந்து குறைந்த தோட்டா: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குச் சுடக் கற்றுக்கொடுப்பதற்காக, கீழுள்ள நெம்புகோலைத் தள்ளித் தோட்டா ஏற்றும் நம்முடைய 30-30 லீவர் ஆக்‌ஷன் ரைபிளுக்கு உதைப்பு குறைந்த தோட்டாக்களை நீயே தயாரிக்கப் போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் "வெடிமருந்து குறைவுதானே அப்பா, அதனால் பயமில்லை" என்று கடைசியில் நீ எழுதிய வரி என்னைத் தூங்கவிடவில்லை. அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் எண்ணம் சரியானது. உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கம் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டால், அதைப் போக்குவது பெரும்பாடு. 170 கிரெயின் (ஏறத்தாழ 11 கிராம்) எடையுள்ள குண்டு 30-30 ரைபிளிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் போகிறது. அதே எடைக் குண்டை 1,400 அடி வேகத்தில் அனுப்பினால், தோளில் விழும் உதைப்பின் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட 45-70 தோட்டாவில் 70 கிரெயின் கரிமருந்து இருந்தது. குதிரைப்படையினரின் எடை குறைந்த குட்டை ரைபிளான கார்பைனில் அந்த உதைப்பு தாங்க முடியாததாக இருந்ததால், அவர்களுக்கு 55 கிரெயின் மருந்துள்ள தோட்டாவைத் தனியாகக் கொடுத்தார்கள்.

ஆனால் கரிமருந்து பருமனானது, தோட்டாவின் பித்தளைக் கூட்டை அடைத்துக்கொள்வது. 1895-இல் வெளிவந்த 30-30 தோட்டாவோ தொடக்கத்திலிருந்தே புகையில்லா மருந்துக்கென்று அமைந்தது. புகையில்லா மருந்தில் கொஞ்சம் போட்டாலே மிகுந்த ஆற்றல் கிடைக்கும் என்பதால், அளவைக் குறைக்கும்போது கூட்டின் பெரும்பகுதி வெற்றிடமாக நின்றுவிடுகிறது. நீ அஞ்ச வேண்டியது இந்த வெற்றிடத்துக்குத்தான்.

கைத்துப்பாக்கிக்கான விரைவாக எரியும் மருந்தைச் சிறிதளவு இந்தக் கூட்டில் போட்டால் அது அடியில் எங்கோ கிடக்கும். கவனம் சிதறி அதே கூட்டில் இரண்டாம் முறை போட்டாலும் வழியாது. மூன்றாம் முறைக்கும் இடம் இருக்கும். குண்டை அழுத்திப் பொருத்திய பிறகு வெளியிலிருந்து பார்த்தால், அந்தத் தோட்டாவுக்கும் மற்றவற்றுக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராம் அளவுதான் என்பதால், முழுத் தோட்டாவை எடைபோட்டுக் கண்டுபிடிப்பதையும் நம்ப முடியாது. கூடுகளும் குண்டுகளும் தமக்குள்ளேயே அந்த அளவுக்கு எடை வேறுபடும். ஆகவே மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்கட்டும். கூடுகளை மரத்தட்டின் துளைகளில் வாய் கீழாகக் கவிழ்த்து வை. ஒன்றை எடுத்து நிமிர்த்தி, மருந்தைப் போட்டு, அடுத்த தட்டுக்கு மாற்று. தட்டு நிறைந்ததும் சிறிய டார்ச் விளக்கை ஒவ்வொரு கூட்டின் வாய்க்கு மேலும் பிடித்து உள்ளே பார். மருந்தின் மட்டம் எல்லாக் கூடுகளிலும் ஒரே ஆழத்தில் தெரிய வேண்டும். ஒன்றில் மட்டம் ஏறியிருப்பதாகச் சந்தேகம் வந்தாலும் போதும், அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக அளந்து போடு. அந்த நேரத்தில் யாருடனும் பேசாதே, தொலைபேசியையும் எடுக்காதே.

இதைத் தவிர்க்கவே பருமனான மருந்துகளைப் பலர் நாடுகிறார்கள். ட்ரெயில் பாஸ் என்ற மருந்தின் துகள்கள் நடுவில் துளையுள்ள சிறு வளையங்களாக இருக்கும். கூட்டை நிறைத்துக்கொள்ளும் என்பதால் இரட்டை அளவு விழுந்தால் உடனே கண்ணில் படும். அதை அழுத்தி நெருக்கக் கூடாது என்பதை மட்டும் மறவாதே. இன்னொரு வழி எச் 4895 என்ற மருந்து. அதற்குத் தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள உச்ச அளவை, அதன் 60 விழுக்காடாக ஆகும் வரை குறைக்கலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: உச்ச அளவு 30 கிரெயின் என்று அச்சாகியிருந்தால், 18 கிரெயின் வரை இறங்கலாம். உன் குண்டுக்கும் உன் தோட்டாவுக்கும் உரிய எண்ணை அவர்களுடைய கையேட்டிலிருந்தே எடுத்துக்கொள்.

இந்தச் சலுகையை வேறு மருந்துகளுக்கு நீட்டிவிடாதே. மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்கும் கீழே குறைத்தபோது, அழுத்தம் குறைவதற்குப் பதிலாகத் திடீரென்று ஏறி ரைபிளையே சிதைத்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அது ஏன் நேர்கிறது என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. காரணம் முழுதாகத் தெரியாத ஆபத்திடமிருந்து விலகி நிற்பதுதான் அறிவு.

மறுபக்கம், அழுத்தம் போதாமல் போனால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். செம்பு உறையிட்ட குண்டு குழலோடு அதிகம் உராய்வதால், மிகக் குறைந்த வேகங்களுக்கு ஈயக் குண்டே ஏற்றது. வழக்கமான வெடியோசைக்குப் பதிலாக அமுங்கிய ஓசை கேட்டாலோ, உதைப்பு வராமல் போனாலோ லீவரைத் தொடக் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடியே அரை நிமிடமாவது காத்திருந்து, தோட்டாக்களையெல்லாம் வெளியே எடுத்த பிறகு, துடைப்புக் கம்பியை உள்ளே விட்டுக் குழல் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிக்கிய குண்டின் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடித்துவிடக்கூடும். லீவர் ரைபிளில் அடுத்த தோட்டாவை ஏற்றுவது கைப்பழக்கமாகவே நடந்துவிடும் என்பதால், பேத்தியை ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தோட்டாவோடு சுடவிடு.

குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் டியூப் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னே உள்ள தோட்டாவின் பிரைமரை, அதாவது அடிபட்டதும் மருந்துக்குத் தீமூட்டும் சிறு கிண்ணத்தை, தொட்டபடி படுத்திருக்கும் என்பது உனக்குத் தெரியும். கூர்முனைக் குண்டு அங்கே ஊசியாகிவிடும். தட்டை மூக்குள்ள குண்டையே வாங்கு. ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடாதபடி, கூட்டின் வாயைக் குண்டின் வரிப்பள்ளத்துக்குள் மடித்துக் கிரிம்ப் செய். முழு நீளம் 2.550 அங்குலத்தைத் தாண்டக் கூடாது; மிகவும் குட்டையாக இருந்தாலும் தோட்டா ஒழுங்காக ஏறாது. கூட்டின் கழுத்தை மட்டும் சீர்செய்யாமல் முழுக் கூட்டையும் அளவுக்கு அழுத்தும் அச்சான டையில் சீர்செய். லீவருக்குத் தோட்டாவை வலிந்து தள்ளும் வலு குறைவு.

சுட்ட கூடுகளின் கழுத்தில் கரி படிந்திருந்தாலோ பிரைமர் சற்றே வெளியே தள்ளியிருந்தாலோ பதறாதே. அழுத்தம் குறைவாக இருப்பதன் அடையாளங்களே அவை. 30-30 விளிம்புள்ள தோட்டா; அறைக்குள் அது நிற்கும் ஆழத்தை அந்த விளிம்பே நிறுத்துவதால் அவ்வளவு கவலையில்லை. குண்டு வழக்கத்தைவிடத் தாழ்வாக விழும் என்பதால் குறிபார்க்கும் சைட்டை மாற்றி வை. இந்தத் தோட்டாக்களைத் தனிப் பெட்டியில் போட்டு, மருந்தின் பெயர், அளவு, குண்டின் எடை, தயாரித்த நாள் ஆகியவற்றை மேலே எழுது. வேட்டைக்கு இவற்றை எடுத்துப் போகாதே. காயம்பட்ட விலங்கு தப்பி ஓடித் துடிக்கும். ஈயத்தைத் தொட்ட பிறகு கையை நன்றாகக் கழுவு, பேத்தியையும் கழுவச் சொல். நீ வாழும் இடத்தில் வீட்டில் தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டுமா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்.

முதலில் சிலவற்றை மட்டும் தயாரித்து, கண்ணாடியும் காதுக்காப்பும் அணிந்து நீயே சுட்டுப் பார். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராபில் வேகங்கள் எப்படி வருகின்றன என்பதை எனக்கு எழுது; அவை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டால், மருந்து கூட்டுக்குள் முன்னும் பின்னும் உருள்வது காரணமாக இருக்கலாம். அப்படியானால் பேத்தியின் கையில் கொடுப்பதற்கு முன் நாம் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பா